அடுத்தவர் டோக்கன்

பெரியம்மாவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், "யாரக் கேட்டு என் பேர எடுத்த?" என்று எங்கிருந்தாவது எழுந்து வந்து நிற்பார். அந்தச் சண்டைக்கு எனக்கு இனிமேல் தெம்பில்லை. இருந்தவரைக்கும் போட்டதே போதும்.

சொந்தப் பெரியம்மா இல்லை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் எதிர் வீடு. நான் தவழ்ந்து போன முதல் அயல் வீடு அதுதான் என்று அம்மா சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான். எங்கள் வீட்டில் கறி கொதித்தாலும் அங்கே கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தால் தட்டோடு போய்விடுவேன். முப்பது வயது தாண்டி, வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அடுத்தவர் பேரில் எதையும் செய்ய மாட்டார். தன் பேரில் அடுத்தவர் செய்யவும் விட மாட்டார். கேட்க நல்ல குணம் மாதிரி இருக்கும். கூடவே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ரேஷன் கடையில் ஒரு தரம் மெஷின் அவர் விரல் ரேகையை எடுக்கவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷன். "உங்க பக்கத்து வூட்டம்மா கார்டுல போட்டு குடுக்கறேன், வூட்டுக்குப் போயி பிரிச்சிக்குங்க" என்றார். பெரியம்மா காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அரிசி இல்லாமல் மூன்று நடை. மூன்று நடையும் கூடப் போனவள் நான்.

இன்னொரு முறை நான் சீசன் டிக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டு ரயிலேறிவிட்டேன். லீவில் இருந்த தோழியின் பாஸ் என் பையில் இருந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்ததும் அதை நீட்டினேன். அவர் பார்த்துத் தலையாட்டி நகர்ந்தும் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "சார், அது இவ பாஸ் இல்ல, நல்லா பாருங்க" என்றார். பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. அபராதம் கட்டினேன். பங்காருப்பேட்டை வரைக்கும் அவரோடு நான் பேசவில்லை. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை, வேர்க்கடலை உரித்துக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் டோக்கன் ரூமில் பிடித்த பழக்கம். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை டோக்கன் உண்டு. ஷிப்டுக்கு முன்னால் ஜன்னலில் வாங்கிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்க வேண்டும், மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் எந்த ஆணி காலியாக இருக்கிறதோ, அந்த ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று கணக்கு. மைன்ஸ் மூடுகிறவரைக்கும் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பெரியம்மா. அண்ணன் டோக்கனைத் தம்பி கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார். கேஜ் காத்திருக்கும், மேஸ்திரி கத்துவார், வரிசையில் நிற்பவர்கள் வாயில் வராத வசவு வரும். அதற்கெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான். "மேல வந்து திட்டுங்க. வந்தாதான திட்டுவீங்க."

அந்த ஜன்னலுக்கு அவர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் மற்றது புரியாது.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம். பெரியப்பாவுக்கு அன்று வார விடுமுறை. அவருடைய கூட்டாளிக்கு முதல் ஷிப்ட். கூட்டாளியின் மனைவி பிரசவ வலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வேலைக்குப் போகாவிட்டால் சார்ஜ்ஷீட். பெரியப்பா, "நீ அங்க இரு, நான் எறங்கறேன்" என்று கூட்டாளியின் டோக்கனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் காலத்தில் சகஜமாக நடந்ததுதான். பெண்டாட்டி திட்டுவாள் என்று வீட்டில், ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

காலையில் ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடிப்பதற்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். வீட்டுப் பாத்திரங்கள் உருண்டன. ஊரே சுரங்கக் குழியான ஷாப்டின் வாசலுக்கு ஓடியது. பெரியம்மாவும் ஓடினார், நம்ம ஆளுக்கு இன்றைக்கு லீவு என்ற நிம்மதியோடு, மற்றப் பெண்களுக்குத் துணையாக. பலகையைப் பார்த்து, திரும்பி வராத நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். ஆட்கள் மேலே வர வர அந்தந்த நம்பரைக் கோடு போட்டு அடித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரே ஒரு நம்பர் மிச்சம். கூட்டாளியின் நம்பர். அவனுடைய அம்மா மண்ணில் புரண்டாள். அப்போது யாரோ, "டேய், அவன் தோ இங்க நிக்கறான்டா" என்று கத்தினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து கூட்டத்தில் நின்றிருந்தான். டோக்கனைத் தொலைத்துவிட்டு முன்னாலேயே மேலே வந்தவன் என்று நினைத்து அந்த நம்பரையும் அடித்தார்கள். எல்லோரும் மேலே வந்தாயிற்று. தேட இறங்கியவர்களையும் மேலே ஏறச் சொல்லிவிட்டார்கள்.

கூட்டாளி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று பயம். பெரியப்பா பக்கத்து ஷாப்ட் வழியாக ஏறி வீட்டுக்குப் போயிருப்பார் என்றும் நினைத்தானாம். அப்படியும் ஏறி வருவார்கள், எல்லாச் சுரங்கமும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்துதான் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அண்ணன் வந்துட்டாரா அண்ணி?" என்று கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. அதற்குள் இரண்டாவது பிளாஸ்டும் அடித்து முடிந்திருந்தது. மூன்று நாள் கழித்து எடுத்தார்கள்.

முதல் அதிர்ச்சியிலேயே உயிர் போய்விட்டது, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று விசாரணையில் எழுதி மூடிவிட்டார்கள். பெரியம்மா அந்தக் காலத்துப் பி.யூ.சி. பாஸ். அதே ஷாப்டின் டோக்கன் ரூமில் வேலை கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டாளியை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாரிகுப்பத்திலிருந்து நடந்து வருவார். வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார். அதிகம் பேச மாட்டார். எப்போதாவது, "அன்னிக்கி நான் வாயத் தொறந்திருந்தா அண்ணி..." என்று ஆரம்பிப்பார். பெரியம்மா, "டீ ஆறுது, குடி" என்பார். நாற்பது வருஷமாக அந்த வாக்கியம் முடியவில்லை.

இனி என் பங்கு. நான் பெங்களூரில் ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியல் கெஸ்ட் லெக்சரர். நாட்டிலுள்ள அரசுக் கல்லூரிகள் அத்தனைக்கும் சேர்த்து மத்திய அரசே வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டிவிட்டது, இனி எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம் என்று சர்க்குலர் வந்தது. எனக்கும் ஒரு லாகின் கொடுத்தார்கள். யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதலில் என் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தேன்.

வந்த பட்டியலில் அந்தக் கட்டுரை இருந்தது. அதே ஷாப்ட், அதே நாள். முதல் அதிர்ச்சிக்கும் இரண்டாவதற்கும் நடுவே எந்த ஆழத்து லெவலில் எந்த இடம் இடியாமல் நின்றது, எது எப்போது விழுந்தது என்று பழைய பதிவுகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்று சுருக்கத்தில் சொல்லியிருந்தது. நான் அதற்கு மேல் படிக்கவில்லை. முதலில் படிக்க வேண்டியவர் அவர் என்று, அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

பெரியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கத்தின் ஓரத்தில், பதிவிறக்கியவர் என்று என் பெயரும், பதிவு செய்தவரின் சொந்தப் படிப்புக்கு மட்டும் என்று ஒரு வரியும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. பாழாய்ப்போன அந்த வரியைத்தான் முதலில் படித்தார்.

"இது உன் பேர்ல கீது."

"என் லாகின்ல எடுத்தேன் பெரிம்மா. அதனால இன்னா?"

"உன் டோக்கன்ல நான் எறங்கறதா?"

"இது பேப்பர் பெரிம்மா. ஷாப்ட் இல்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று தாள்களைக் கவிழ்த்து என் மடியில் வைத்தார். "என் பேர்ல கெடச்சா படிக்கறேன்."

வாசலில் மாமா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருந்தார்.

மறுநாள் ரயிலில், கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும், ஆத்திரத்தில் நானே அதைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. அட்டவணை தெளிவாக இருந்தது. முதல் அதிர்ச்சி பத்து நாற்பது. பெரியப்பா வேலை செய்த லெவலில் அப்போது பாதை மட்டும்தான் அடைந்தது. உள்ளே ஆட்கள் நிற்கிற இடம் இடியாமல் முழுசாக நின்றது. அது விழுந்தது இரண்டாவது அதிர்ச்சியில், இரண்டு ஐம்பதுக்கு. நாலு மணி நேரத்துக்கு மேல் அந்த மனுஷன் இருட்டில் உயிரோடு உட்கார்ந்திருக்கக்கூடும். மேலே நம்பரை அடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அதற்கப்புறம் என்னால் அந்த வீட்டில் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை, பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று ஏதாவது சொல்லித் தப்பித்தேன்.

பெரியம்மாவோ கிளம்பிவிட்டார். "நாட்டுக்கே சந்தா கட்டிக்கிறாங்கன்னு சொல்றாங்க. நான் நாட்டுல இல்லியா?" என்று எங்கள் ஊர் அரசுக் கல்லூரி நூலகத்துக்குப் போனார். அங்கே நூலகர் பணி காலி. கன்னட ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். மாணவராகவோ ஆசிரியராகவோ இருந்தால்தான் உண்டு என்றார். பொது நூலகத்தில் கேட்டோம். அவர்களுக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. மேலிடத்துக்குக் கடிதம் எழுதினோம். தகுதியுள்ள நிறுவனங்களின் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒற்றை வரி பதில், அதுவும் மூன்று மாதம் கழித்து.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே போய்க் கொட்டுவது? செத்தது எங்கள் ஊர் ஆள். ஆடியது எங்கள் ஊர் பூமி. அளந்தவர்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்கள். எழுதியதை வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சும்மா கொடுத்தார்கள். அதை அரசாங்கமே திரும்பக் காசு கொடுத்து வாங்கியது. நம் வீட்டுக் கோழியை நாமே காசு கொடுத்து வாங்கி, குழம்பும் வைத்த பிறகு, உனக்கு இலை இல்லை என்றால் எப்படி? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அந்த ஆத்திரத்தில் பாதி பெரியம்மா மேலும்தான். என் பையிலேயே இருக்கிறது, கையை நீட்டினால் போதும், மாட்டேன் என்கிறாரே என்று. நீட்டிவிடுவாரோ என்ற பயமும் கூடவே இருந்தது. ஒவ்வொரு கதவு சாத்தப்படும்போதும் கத்தினேன், உள்ளுக்குள் கொஞ்சம் மூச்சு விட்டேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் மாதம் பெரியம்மா பி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மாணவரா இருந்தா உண்டுன்னாரு இல்ல? ஆய்ட்டு போறேன்." அறுபத்தாறு வயது. பிரின்சிபால் நாலு தரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், வயது வரம்பு எதுவும் கண்ணில் படவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். டிபன் பாக்ஸும் நோட்டுமாகத் தினம் ஒன்பது மணிக்குப் போனார். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று சொல்வார். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் வராத தோழிக்கு 'எஸ் மேம்' சொல்லும் வழக்கத்தை இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டார். அந்தப் பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதார்கள். நான் என்ன செய்ய முடியும், என் கதையைச் சொல்லி ஆறுதல் படுத்தினேன்.

அடையாள அட்டை வந்தது. லாகின் வரவில்லை. பொறுப்பிலிருந்த அந்தக் கன்னட ஆசிரியர் சிரமமே இல்லாமல் சொன்னார்: "மேடம், எல்லாரும் என் ஐடியில தான் பாக்கறாங்க. தோ, பாஸ்வேர்ட் செவுத்துல ஒட்டியிருக்குது. சும்னே போட்டுக்கோங்க."

பெரியம்மா சுவரைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அம்பது பேரு ஒரே டோக்கன்ல எறங்கனா, யாரு உள்ள மாட்டிக்கினான்னு எப்டி சார் தெரியும்?"

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, புரிந்தும் எரிச்சலாக வந்தது. வெளியே வந்து கத்தினேன். "இன்னும் எத்தன நாளு பெரிம்மா? மாமா வாராவாரம் வந்து பேப்பர் கெடச்சிதா, பேப்பர் கெடச்சிதான்னு கேக்கறாரு. இருமல்ல அவருக்கு நடக்கவே முடியல. யாருக்காக இந்த வீம்பு?"

அவர் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தார். பிறகு, "அந்த நம்பர அடிச்சப்ப நானும் அங்கதான்டி நின்னுக்கினு இருந்தேன்" என்றார். "அவங்க அம்மாவுக்குத் தண்ணி குடுத்தேன். சந்தோசமா சிரிச்சேன். யாரோ பேர்ல இருந்ததாலதான சிரிச்சேன்."

 மாணவர் பட்டியலை மேலே அனுப்புவதற்கு எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து, எத்தனை முறை சர்வர் படுத்தது என்று சொல்லப்போனால் இந்தப் பக்கம் போதாது. இரண்டாம் செமஸ்டர் தொடங்கிய பிறகு ஒருநாள் அவருடைய போனுக்கு மெசேஜ் வந்தது. அவர் பெயரில், அவருக்கென்று.

மறுநாள் லீவு போட்டுக் கூடப் போனேன். நூலகத்தில் மூன்று கம்ப்யூட்டர், ஒன்றுதான் வேலை செய்தது. பெரியம்மா ஒற்றை விரலால் தட்டி உள்ளே போனார். கட்டுரை திறந்தது. ஓரத்துப் பொடி எழுத்தில் அவர் பெயர் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

டோக்கன் ரூம் ரிஜிஸ்டர் எழுதிய கை, ஆங்கிலம் அவருக்குப் போதுமான அளவு வரும். வரி வரியாக, ஸ்க்ரீனில் விரல் வைத்துப் படித்தார். என்னிடம் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்கவில்லை. அட்டவணைக்கு வந்ததும் விரல் நின்றது. முதல் நேரம். நடுவில் எழுதியிருந்த வரி. இரண்டாவது நேரம்.

"ரெண்டு அம்பது" என்றார்.

நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஷாப்ட்லேருந்து வந்து அன்னிக்கி கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். மார்க்கெட்டுக்குப் போன மனுசன் வருவாரு வருவாருன்னு பாத்து, ரெண்டு மணிக்கு நான் தின்னுட்டேன். தின்னுட்டு படுத்தேன்."

 பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீ எப்ப படிச்ச?" என்றார்.

"நீங்க திருப்பிக் குடுத்த மறுநாளே."

"தெரியும். அதுக்கப்புறம் நீ என் வூட்ல கைய நனைக்கல."

லாக் அவுட் எங்கே என்று தேடி அழுத்தினார். வெளியே வந்தாயிற்று என்று ஸ்க்ரீனில் வரும்வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வந்ததும்தான் எழுந்தார்.

கல்லூரி கேட்டில் மாமா நின்றுகொண்டிருந்தார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மாரிகுப்பத்திலிருந்து அந்த நெஞ்சோடு எப்படி வந்தாரோ. எங்களைப் பார்த்ததும் கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.   தெரிந்த ஆளைக்கூடக் கூசாமல் காட்டிக்கொடுக்கிற பெண்மணி, ரயிலில் என்னையே காட்டிக்கொடுத்தவர். இப்போது நேரம், லெவல், நிமிஷம் எல்லாம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"இன்னா அண்ணி போட்டுக்கிறாங்க?" என்றார் மாமா கடைசியில்.

"மொத பிளாஸ்ட்லயேதான். ஒடனேன்னு போட்டுக்குது."

மாமா அவர் முகத்தையே பார்த்தார். "நல்லாப் பாத்தீங்களா அண்ணி? முழுசாப் படிச்சீங்களா?"

"முழுசாப் படிச்சேன்" என்றார் பெரியம்மா. "என் டோக்கன்லயே எறங்கிப் படிச்சேன்."

அதற்கு மேல் மாமா எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். கம்பியை விட்டுவிட்டு, முகத்தைத் துண்டால் நன்றாக, ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டார்.

போன பொங்கலுக்கு அப்புறம் மாமா போனார். நாலு மாதத்தில் பெரியம்மாவும். இப்போது சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் இதை எழுதுகிறேன். அன்றைக்குக் கல்லூரி கேட்டிலிருந்து மூவரும் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனோம். மாமா தன் டீயை ஆற்றாமலே குடித்தார். பெரியம்மா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அது ஆறிப்போய் ஆடை கட்டிய பிறகும், குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை.